ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால்?

இந்த எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். போன மாசம் நான் காசு கொடுத்து ஐஸ் தண்ணியில உட்கார்ந்துட்டு வந்தேன்.

நான் போகிற ஜிம்மில் புதுசா ஒரு நீலத் தொட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள். மூட்டை மூட்டையாக ஐஸைக் கொட்டி, கழுத்துவரை இறங்கச் சொல்கிறார்கள். இரண்டு நிமிடம்தான். முதல் அரை நிமிடம் எனக்கு மூச்சே வரலை. வந்தபோது நாய்க்கு இரைக்கிற மாதிரி வந்தது. பக்கத்தில் நின்ற ட்ரெய்னர் தம்பி, "உள்ள இருக்கிற டாக்ஸின் எல்லாம் வெளிய வந்துடும் ப்ரோ, விடுங்க" என்றார். எந்த டாக்ஸின், எந்த வழியா வெளிய வரும்னு நான் கேக்கலை. ஏன்னா, எழுந்து வெளியே வந்தப்ப உண்மையிலேயே சூப்பரா இருந்துச்சு. அன்னிக்கு முழுக்க ஒரு சுறுசுறுப்பு.

நல்லா இருந்துச்சு என்பது ஒரு விஷயம். அது எதையோ குணப்படுத்திடுச்சு என்பது வேறு விஷயம். வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். அந்த வாசிப்பு என்னை நேராக ஒரு பத்து வயசுப் பொண்ணுகிட்ட கொண்டுபோய் நிறுத்திச்சு. அவளுடைய அப்பா பெயர் சார்லஸ் டார்வின்.

ஆனால் முதலில் ஒரு விவசாயி வீட்டுப் பையனிடம் போகணும். வின்சென்ட் பிரீஸ்நிட்ஸ். 1799-ல் பிறந்தவர். ஊர் கிராஃபென்பெர்க், அன்றைக்கு ஆஸ்திரியாவின் கீழ் இருந்த மலைக் கிராமம், இன்றைக்குச் செக் குடியரசில் இருக்கிறது. பதினேழு பதினெட்டு வயசில் ஒரு வண்டி அவர் மேல் ஏறி விலா எலும்புகள் முறிந்தன. இனி முன்னை மாதிரி வேலை செய்ய முடியாது என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார். பையன் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மார்பில் இறுகச் சுற்றிக்கொண்டு, அதை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டே படுத்திருந்தான். எழுந்தும்விட்டான்.

அடுத்து மாடுகளுக்கு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு, அப்புறம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு. உள்ளூர் மருத்துவர்கள் இவர் மேல் வழக்குப் போட்டார்கள். உடம்பைத் துடைக்க அவர் பயன்படுத்திய ஸ்பாஞ்சுக்குள் ஏதோ மருந்தை ஒளித்து வைத்திருக்கிறார் என்று சந்தேகப்பட்டு, அதை அறுத்துப் பார்த்ததாகவே ஒரு கதை உண்டு. உள்ளே தண்ணீர்தான். 1839-ல் மட்டும் 1,500 பேருக்கு மேல் அந்த மலை ஏறி வந்தார்கள். பிரபுக்கள், ராணுவ அதிகாரிகள் எல்லாரும்தான். கம்பளியில் சுற்றி வியர்க்க வைப்பார், அப்படியே குளிர்ந்த தொட்டியில் இறக்குவார். ஈரப் போர்வைக்குள் மம்மி மாதிரி சுருட்டிப் படுக்க வைப்பார். மலை ஊற்றுத் தண்ணீரை உயரத்திலிருந்து முதுகில் கொட்டுவார். மிச்ச நேரத்துக்கு விறகு வெட்டச் சொல்வார், பாலும் முரட்டு ரொட்டியும் கொடுப்பார்.

சிரிப்பு வருதுல்ல? எனக்கும் வந்தது. ஆனா அந்தக் காலத்துப் படித்த டாக்டர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்க. நரம்பைக் கீறி ரத்தம் எடுத்தார். கலோமெல் என்ற பாதரச உப்பைப் பேதிக்குக் கொடுத்தார். பல் ஆடி, ஈறு வீங்கி, எச்சில் ஊற்றினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தச் சிகிச்சையிலிருந்து தப்பித்து, சாராயத்தையும் கொழுப்புச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, மலைக் காற்றில் நாலு மாசம் நடந்தால் யாருக்குத்தான் உடம்பு தேறாது? தண்ணீர் வைத்தியத்தின் பெரிய பலமே அது செய்யாமல் விட்ட விஷயங்கள்தான் என்று எனக்குத் தோணுது.

இந்த முறை இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த இடம் மால்வெர்ன். ஜேம்ஸ் வில்சன், ஜேம்ஸ் மேன்பி கல்லி என்ற இரண்டு டாக்டர்கள் 1842-ல் அங்கே கடையைத் திறந்தார்கள். வில்சன் கிராஃபென்பெர்க்குக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். கல்லி, ஜமைக்காவில் பிறந்தவர், பேச்சிலும் எழுத்திலும் கெட்டிக்காரர். டென்னிசன், ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் எல்லாம் மால்வெர்னுக்கு வந்து போனவர்கள்.

டார்வினுக்கு அப்போது நாற்பது வயசு. பல வருஷமாக உடம்பு சரியில்லை. வாந்தி, தலைசுற்றல், கை நடுக்கம், படபடப்பு. என்ன நோய் என்று இன்றுவரை ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1848 நவம்பரில் அவருடைய அப்பா இறந்தார். அப்பாவும் டாக்டர்தான், அதுவும் ஊரே மதித்த டாக்டர். அந்தக் குளிர்காலத்தில் மகனின் உடம்பு படுமோசமானது. நண்பர்கள் கல்லியின் பெயரைச் சொன்னார்கள். டார்வின் முதலில் கல்லி எழுதிய புத்தகத்தை வாங்கிப் படித்தார், அரைமனசோடதான். 1849 மார்ச்சில் மனைவி எம்மா, குழந்தைகள், வேலைக்காரர்கள் என்று மொத்தக் குடும்பமும் மால்வெர்னில் வீடு எடுத்துத் தங்கியது.

அங்கே அவருடைய ஒரு நாள் எப்படி இருந்ததுன்னு கடிதங்களில் விலாவாரியா எழுதியிருக்கிறார். காலையில் ஏழு மணிக்கு முன்னாடியே எழுப்பிவிடுவார்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த முரட்டுத் துண்டால் இரண்டு மூன்று நிமிடம் உடம்பு முழுக்கப் பரபரவென்று தேய்ப்பார்கள். வேகவைத்த சிங்கி இறால் மாதிரி சிவந்துபோவாராம். உடனே ஒரு டம்ளர் தண்ணீர், இருபது நிமிட நடை. பிறகு வயிற்றைச் சுற்றி ஈரத்துணிக் கட்டு, அதன்மேல் ரப்பர் துணி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டை நனைத்து நனைத்து நாள் முழுக்கப் போட்டிருக்கணும். கடுகு கரைத்த குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் கால். சர்க்கரை, வெண்ணெய், மசாலா, பன்றி இறைச்சி, எதுவும் கூடாது. மூக்குப்பொடியில்கூடக் கை வைத்தார்கள், பாவம், அதுதான் அவருக்குப் பெரிய வருத்தம்.

அது வேலை செய்தது. சில வாரங்களில் வாந்தி நின்றது, எடை கூடியது, தினமும் பல மைல் நடந்தார். ஒரே பிரச்சினை, மூளை மந்தமாகிவிட்டது, யோசிக்கவே தோன்றவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். அது பிரச்சினையா மருந்தான்னு நீங்களே சொல்லுங்க. இரவு பகலாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஒரு மனுஷனிடம் நாலு மாசம் வேலையைத் தொடாதே என்று யாரோ உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

உடம்புக்குள் நடப்பதும் நிஜம்தான். குளிர்ந்த நீர் பட்டதும் தோலில் இருக்கிற ரத்தக் குழாய்கள் சுருங்கும். நோர்அட்ரினலின் பலமடங்கு ஏறும். வெளியே வந்து தேய்த்ததும் குழாய்கள் மறுபடி விரியும், தோல் சிவந்து கதகதப்பாகும். ஐஸ் தொட்டியிலிருந்து வந்ததும் எனக்கு வந்த 'சூப்பர்' அதுதான். இதய நோய் இருக்கிறவர்களுக்கு அந்த முதல் நிமிஷமே ஆபத்து, அதையும் சொல்லிடறேன்.

ஊருக்குத் திரும்பிய டார்வின், டவுன் ஹவுஸ் தோட்டத்தில் ஒரு குளியல் குடிசையே கட்டினார். உயரத்தில் தொட்டி, சங்கிலியை இழுத்தால் தலையில் அருவி. சமையல்கட்டு முதல் சாப்பாட்டு மேஜைவரை பார்த்துக்கொண்ட பார்ஸ்லோதான் தேய்த்துவிடுகிற ஆள். குளிர்காலத்திலும் விடவில்லை. தினமும் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதற்கும் கல்லியின் அளவு உண்டு: ரெண்டரை மணி நேரம். 1849 ஜூலையிலிருந்து 1855 ஜனவரிவரை, பகல் எப்படி, இரவு எப்படி, என்ன சிகிச்சை என்று தினசரிக் குறிப்பு எழுதி, நல்ல நாட்களுக்குத் தனிக் கோடு போட்டு, மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தார். இன்றைக்கு ஸ்மார்ட் வாட்ச்சில் தூக்கத்துக்கு மார்க் பார்க்கிறோமே, அதே புத்திதான்.

இந்த இடத்தில் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லணும். எனக்கு இந்த முழுக் கதையிலும் ரொம்ப முக்கியமானது இதுதான். கல்லிக்குத் தண்ணீர் மட்டும் போதவில்லை. ஹோமியோபதி கொடுப்பார், தொலைவில் இருந்தே நோயைப் பார்க்கிற 'ஞானதிருஷ்டி' ஆட்களையும் நம்புவார். டார்வினுக்கு அது எரிச்சல். 1850 செப்டம்பரில் தன் உறவினர் ஃபாக்ஸுக்கு எழுதும்போது அவர் சொன்னதன் சாரம் இது: ஒரு நோய்க்கு எதுவுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது, அது தெரிந்தால்தானே அதை அளவுகோலாக வைத்து ஹோமியோபதியையும் மற்றதையும் ஒப்பிட முடியும்?

சோதனைக் குழு, ஒப்பீட்டுக் குழு என்று இன்றைக்கு நாம் சொல்கிற மொத்த யோசனையும் அந்த ஒரு கேள்வியில் இருக்கு. டார்வின் அதை ஹோமியோபதியை நோக்கிக் கேட்டார். தண்ணீரை நோக்கி அதே கோபத்தோட கேட்டாரா? இல்லைன்னுதான் நினைக்கிறேன். தண்ணீர் அவருக்கு நல்லா இருந்துச்சே!

இந்தக் கடிதத்துக்கும் அடுத்து நடந்ததற்கும் இடையே ஏழே மாசம்.

ஆனி, டார்வினின் மூத்த மகள், 1841 மார்ச் 2-ல் பிறந்தவள். அப்பாவின் தலைமுடியை அரைமணி நேரம் சீவிச் சீவி அழகு பார்க்கிற பிள்ளை. 1850-ல் அவளுக்கு உடம்பு படுத்த ஆரம்பித்தது. அழுகை, தூக்கமில்லாமை, காய்ச்சல், இருமல். கல்லியின் யோசனைப்படி வீட்டிலேயே சிகிச்சை தொடங்கியது. ஈரப் போர்வை, முதுகுத்தண்டில் குளிர்ந்த நீர்த் துடைப்பு. தனக்கு எழுதின மாதிரியே அவளுக்கும் குறிப்பு எழுதினார் டார்வின்.

1851 மார்ச் கடைசியில் அவரே ஆனியை மால்வெர்னுக்குக் கூட்டிப்போய், தாதியிடமும் தங்கை ஹென்றியேட்டாவோடும் விட்டுவிட்டு வந்தார். ஏப்ரல் நடுவில் வாந்தியும் காய்ச்சலும் கூடியது. செய்தி கிடைத்ததும் ஓடினார். எம்மாவால் போக முடியவில்லை, நிறைமாதக் கர்ப்பிணி. அதனால் அந்த ஒரு வாரம் நமக்கு நாள்வாரியாகத் தெரியும், புருஷனும் பெண்டாட்டியும் எழுதிக்கொண்ட கடிதங்கள் வழியாக. ஒரு கடிதத்தில் தேறுகிறாள், அடுத்ததில் மறுபடி வாந்தி. எம்மா ஒரு கடிதத்தைப் படித்துச் சந்தோஷப்படுகிற நேரத்தில் மால்வெர்னில் நிலைமை மாறிவிட்டிருக்கும். கல்லி ஒரு நாளைக்குப் பலமுறை வந்தார்; இந்த இரவு தாண்டாது என்று பயந்து ஒரு ராத்திரி அந்த வீட்டிலேயே தங்கினார். வினிகர் கலந்த தண்ணீரால் குழந்தையின் உடம்பைத் துடைத்தார்கள்.

ஏப்ரல் 23, மதியம், ஆனி இறந்தாள். இறப்புச் சான்றிதழில் டைபாய்டு தன்மையுள்ள பித்தக் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறது. அது காசநோயாக இருந்திருக்கலாம் என்கிறார், இந்தக் கடிதங்களை எல்லாம் வைத்துப் புத்தகம் எழுதிய ராண்டல் கெய்ன்ஸ்; அவர் டார்வினின் வம்சத்தவர். காசநோய் என்றால், அன்றைக்கு உலகத்தில் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அதனால் தண்ணீர் அந்தக் குழந்தையைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். டார்வினும் சொல்லவில்லை. அவர் கல்லியைக் குற்றம் சாட்டியதே இல்லை. தண்ணீர் வைத்தியத்தை விடவும் இல்லை. 1859 நவம்பரில் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தபோது அவர் இருந்ததே இல்க்லி என்ற ஊரில், இன்னொரு தண்ணீர் வைத்திய விடுதியில்தான்.

இப்போ 51 வருஷம் தாண்டி, பம்பாய் போவோம். பிரீஸ்நிட்ஸின் தண்ணீர் ஜெர்மனியில் வேறு கிளைகள் விட்டது. லைப்சிக்கில் லூயி கூனே என்றொருவர். எல்லா நோயும் ஒரே நோய், வயிற்றில் தேங்கிய கழிவுதான் காரணம், இடுப்புக் குளியல் போதும் என்றார். டாக்ஸின் ப்ரோவுக்குக் கொள்ளுத்தாத்தா. அவருடைய புத்தகம் இந்தியாவில் ஏகப்பட்ட பேரைப் பிடித்தது. அதில் ஒருவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

1902. கிர்காமில் குடியேறிய கொஞ்ச நாளில் இரண்டாவது மகன் மணிலாலுக்குக் கடுமையான டைபாய்டு, கூடவே நிமோனியா. அவனுக்கும் பத்து வயசு. பார்சி டாக்டர் முட்டையும் கோழிச்சாறும் கொடுக்கச் சொன்னார். காந்தி மறுத்தார். கூனே சொன்னபடி மூன்று மூன்று நிமிடம் இடுப்புக் குளியல், தண்ணீர் கலந்த ஆரஞ்சுச் சாறு. காய்ச்சல் 104-ஐ விட்டு இறங்கவில்லை. பையன் ராத்திரியில் பிதற்றினான். ஒரு இரவு, போர்வையை நனைத்துப் பிழிந்து மகனைச் சுற்றி, மேலே இரண்டு கம்பளி போட்டு, தலையில் ஈரத்துண்டு வைத்தார். கஸ்தூர்பாவிடம் விட்டுவிட்டுச் சௌபாத்திப் பக்கம் நடக்கப் போனார். ஊர் என்ன சொல்லும், இந்தச் சோதனையைப் பிள்ளை மேல் செய்ய எனக்கு என்ன உரிமை என்று மனசு அடித்துக்கொண்டதாக அவரே சுயசரிதையில் எழுதுகிறார். திரும்பி வந்தபோது பையனுக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பிழைத்துக்கொண்டான். பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவில் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையை நடத்திய மணிலால் காந்தி இவர்தான்.

நியாயமாகச் சொன்னால், கோழிச்சாறும் டைபாய்டைக் குணப்படுத்தாது. ஆன்டிபயாடிக் வர இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. அன்று பிழைத்தவர்கள் பெரும்பாலும் தானாகப் பிழைத்தவர்கள். காந்தியும், கடவுள் அருளா, தண்ணீரா, பத்தியமா, கவனிப்பா என்று யார் சொல்ல முடியும் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் தான் எதை நம்பினேன் என்பதை மறைக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வருது, அந்த நேர்மைக்காக மரியாதையும் வருது, ரெண்டும் ஒண்ணா. அன்றைக்கு ராத்திரி வேறு மாதிரி போயிருந்தால், நாம் அந்த அத்தியாயத்தை எப்படிப் படித்திருப்போம்?

ஒரே ஈரப் போர்வை, பத்து வயசில் ரெண்டு பிள்ளைகள். ஒருத்தி போனாள், ஒருவன் பிழைத்தான். இதிலிருந்து தண்ணீரைப் பற்றி நமக்கு என்ன தெரிந்தது? ஒன்றும் இல்லை. டார்வின் கேட்ட அளவுகோல் இரண்டு வீட்டிலும் இல்லை.

அந்த அளவுகோலை ஒருநாள் நம்ம ஊர்ப் பக்கமே எடுத்துப் பார்த்தார்கள். இதைப் பற்றி வெளியில் யாரும் அதிகம் பேசறதில்லை. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் பற்றாமல் போகிற குழந்தைகளுக்கு ஒரு சிகிச்சை உண்டு: உடம்பை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைப்பது. பணக்கார நாடுகளில் நடந்த சோதனைகளில் இது உயிரையும் மூளையையும் காத்தது. அங்கே வழக்கமான சிகிச்சையாகவே ஆகிவிட்டது. இங்கேயும் பல மருத்துவமனைகள் செய்ய ஆரம்பித்தன, சில இடங்களில் வெறும் ஐஸ் பேக், ஜெல் பேக் வைத்தே. ஹீலிக்ஸ் என்ற ஆய்வு, இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் ஏழு மருத்துவமனைகளில் 2015 முதல் 2019 வரை 408 குழந்தைகளைச் சேர்த்தது. சென்னையும் அதில் உண்டு. பெற்றோரின் சம்மதத்தோடு, குலுக்கல் மாதிரி ஒரு பாதிக்குக் குளிர், மறுபாதிக்கு மற்ற எல்லாக் கவனிப்பும், குளிர் மட்டும் கிடையாது. நல்ல கருவிதான், ஐஸ் பேக் இல்லை.

முடிவு 2021-ல் லான்செட் குளோபல் ஹெல்த்தில் வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42% இறந்தார்கள். குளிர்விக்காதவர்களில் 31%.

அந்தக் குழந்தைகளுக்கு மட்டும் ஏன் இப்படி என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க. இரண்டாவது பாதி இல்லாமல் இருந்திருந்தால், ஒரு வார்டில் நிற்கிற டாக்டருக்கு என்ன தெரிந்திருக்கும்? நூற்றுக்கு 58 பிள்ளைகள் பிழைத்ததுதான் தெரிந்திருக்கும். குளிர் காப்பாற்றிய 58 பிள்ளைகள் என்று ஒவ்வொரு அப்பா அம்மாவும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு விட்டுப்போச்சு. ஆனியை மால்வெர்ன் தேவாலய வளாகத்திலேயே புதைத்தார்கள். டார்வின் அடக்கத்துக்கு இருக்கவில்லை. எம்மாவோடு இருக்க உடனே கிளம்பிவிட்டார். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1863-ல், உடம்பு மறுபடி மோசமாகி, திரும்பவும் தண்ணீர் வைத்தியத்துக்காக அதே ஊருக்கு இரண்டு பேரும் வந்தார்கள். எம்மா கல்லறையைத் தேடிப் போனார். வளாகமே மாறியிருந்தது, கல்லைக் காணோம். தேவாலயத்து வேலையாளும் தேடிவிட்டு, போயிடுச்சு என்றே சொல்லிவிட்டார். கல் எந்த இடத்தில் இருந்தது, ஞாபகம் இருக்கா என்று டார்வின் ஃபாக்ஸுக்குத்தான் கடிதம் எழுதினார். பிறகு கிடைத்தது. இப்பவும் அங்கேதான் இருக்கு: பெயர், இரண்டு தேதிகள், அன்பான நல்ல குழந்தை என்று ஒரு வரி.